ருசியை ஒப்புக்கொண்ட பிறகு

துரித உணவைச் சாடி நான் எழுதிய முதல் கட்டுரையில் 'விஷம்' என்ற சொல் பதினொரு முறை வந்திருந்தது. ஆசிரியர் ஒவ்வொன்றையும் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "நீங்க இதைச் சாப்பிட்டதே இல்லையா?" சாப்பிட்டிருந்தேன். பிடித்தும் இருந்தது. அதைத்தான் மறைத்து எழுதியிருந்தேன்.

பிரதியோடு அவர் கொடுத்தனுப்பிய புத்தகம் எரிக் ஷ்லோசரின் 'ஃபாஸ்ட் ஃபுட் நேஷன்'. 2001இல் வெளிவந்து, அமெரிக்கத் துரித உணவுத் தொழிலைத் தோலுரித்துக் காட்டிய நூல். ஆய்வுக் காலத்தில் அந்த உணவை ஏராளமாகத் தின்றதாகவும், பெரும்பாலும் அது நன்றாகவே இருந்ததாகவும் முன்னுரையிலேயே ஷ்லோசர் சொல்லிவிடுகிறார். என் கட்டுரையில் விடுபட்டுப்போன வரி அதுதான். நேற்று ராத்திரி பர்கர் தின்றுவிட்டு வந்து படிக்கிறவர், இந்த ஆள் நம்மை மட்டமாக நினைக்கவில்லை என்று நிம்மதியாகப் பக்கம் புரட்டுவார். அதற்கப்புறம் சொல்லும் கணக்குதான் அவர் காதில் ஏறும்.

ருசி உண்மை என்றால், அது எங்கிருந்து வருகிறது? அதைத் தேடி ஷ்லோசர் நியூ ஜெர்சியில் சுவையும் மணமும் தயாரிக்கும் ஓர் ஆலைக்குப் போகிறார். ஒரு திரவத்தில் நனைத்த மெல்லிய காகிதப் பட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்கிறார். பக்கத்தில் யாரோ சூடான கல்லில் இறைச்சியைப் புரட்டுவது போல மணக்கிறது. கண்ணைத் திறந்தால் வெள்ளைக் காகிதம். 'ஏமாற்று' என்று அவர் எழுதவே இல்லை. படித்த எனக்குத்தான் வயிற்றில் ஏதோ புரண்டது. உணர்ச்சி உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்று நம் இலக்கணம் சொல்வது இதைத்தான் என்று அன்றைக்கு விளங்கியது.

எண்ணும் அப்படித்தான். 1990 வரை மெக்டொனால்ட்ஸ் உருளைக்கிழங்கு வறுவல் பொரிந்த எண்ணெயில் 93 சதவீதம் மாட்டுக்கொழுப்பு. பிறகு தாவர எண்ணெய்க்கு மாறினார்கள். ஆனால் 'இயற்கைச் சுவை' என்ற பெயரில் மாட்டிறைச்சிச் சாறு கூடவே வந்தது. அமெரிக்காவில் இருந்த இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் 2001இல் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. புரட்டாசி சனிக்கிழமை விரதத்தோடு அந்த வறுவலைத் தின்ற ஒருவருக்கு இந்தத் தகவலைச் சொன்னால், அதன்மேல் உருக்கமாக ஒரு சொல்லும் சேர்க்க வேண்டியதில்லை.

உருக்கம் எழுதுகிறவர் சொன்னபடி கேட்காது என்பதற்கு அமெரிக்க நாவலாசிரியர் அப்டன் சின்க்ளேர் இருக்கிறார். சிகாகோ இறைச்சிக்கூடத் தொழிலாளிகளுக்காக மனம் கரையட்டும் என்றுதான் 1906இல் 'தி ஜங்கிள்' நாவலை வெளியிட்டார். படித்தவர்கள் தங்கள் தட்டைப் பார்த்துப் பயந்தார்கள். இறைச்சிச் சோதனைச் சட்டம் அதே ஆண்டு வந்தது. தொழிலாளிக்கு எதுவும் வரவில்லை. எனக்கு இன்னும் ஆறாத இடம் இது. ஆவணப்பட இயக்குநர் மார்கன் ஸ்பர்லாக் கதை வேறு. 'சூப்பர் சைஸ் மீ' (2004) படத்துக்காக 30 நாள் மெக்டொனால்ட்ஸ் உணவையே தின்று தன் உடம்பையே சாட்சி ஆக்கினார். பல்லாண்டுக் குடிப்பழக்கத்தை 2017இல் அவரே ஒப்புக்கொண்டதும் அந்தச் சாட்சியம் ஆட்டம் கண்டது. முதல் காட்சியிலேயே அதைச் சொல்லியிருக்கலாம்.

என் கட்டுரையை மறுபடி எழுதினேன். 'விஷம்' ஓரிடத்திலும் இல்லை. மகளின் பிறந்தநாளுக்கு நான் வாங்கிப்போன அட்டைப்பெட்டியோடு தொடங்கினேன். நாங்கள் ஆசையாகத் தின்று முடித்தபின், எண்ணெய் ஊறிய அதன் அடிப்பக்கத்தை அவள் ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அட்டைக்குப் பின்னால் அவள் ஐந்து விரலும் தெரிந்தன.