முடித்தவரே அடுத்தவரைக் கூப்பிடட்டும்

செவ்வாய், சன்னிவேல்

பழைய பில்லிங் நிரலை இன்று பிரித்தோம். ஆர்டரைப் படி, சரக்கு இருக்கிறதா பார், கார்டில் பணம் எடு, இருப்பைக் குறை, மின்னஞ்சல் அனுப்பு. ஐந்தே வேலை, ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து கால்பேக் (வேலை முடிந்ததும் அழைக்கச் சொல்லிக் கொடுக்கும் ஃபங்ஷன்). இடது ஓரத்தில் தொடங்கிய நிரல் வலது ஓரத்தை முட்டுகிறது. கால்பேக் ஹெல் என்று சும்மா திட்டவில்லை.

புதிதாகச் சேர்ந்த மதுரைப் பெண் கேட்டாள்: "அண்ணா, அஞ்சையும் ஒரு லிஸ்ட்ல போட்டு லூப் ஓட்டினா போதாதா?" போதாது. லூப் யாருக்காகவும் காத்திருக்காது. பணம் வந்ததா என்று தெரிவதற்குள் 'நன்றி' மின்னஞ்சல் போய்விடும்.

புதன்

போர்டில் எழுதிக் காட்டினேன். லிஸ்டின் முதல் ஃபங்ஷனை எடுத்து அழை. 'முடிந்ததும் இதைக் கூப்பிடு' என்று இன்னொரு ஃபங்ஷனை அதனிடம் கொடு. எர்ரர் வந்தால் இந்த இரண்டாவது ஃபங்ஷன் வரிசையை அங்கேயே நிறுத்தும். இல்லையென்றால் அடுத்ததை எடுத்து அழைத்து, தன்னையே மறுபடி கொடுக்கும். பந்தியில் சாம்பார் ஊற்றி முடித்தவரே ரசக்காரருக்குக் குரல் கொடுப்பது மாதிரி. பத்துப் பன்னிரண்டு வரிதான். 'அசிங்க்' லைப்ரரியின் (பெயர்தான் நம் காதுக்கு ஒரு மாதிரி) சீரீஸ் செய்வதும் இதுவே. முந்தையதன் விடையும் அடுத்ததற்குப் போக வேண்டுமானால் வாட்டர்ஃபால்.

ஆபத்து வேறிடத்தில். ஒரு ஃபங்ஷன் கால்பேக்கை இரண்டு முறை அழைத்தால் அடுத்த வேலை முடியும் முன்பே அதற்கடுத்ததும் கிளம்பிவிடும். அடுத்தது பணம் எடுப்பதாக இருந்தால், பணம் வந்ததா என்று தெரியும் முன்பே இருப்பு குறைந்துவிடும். அழைக்க மறந்தாலோ வரிசை அப்படியே நிற்கும். எர்ரர்கூட வராது.

சனி

இந்தக் கால்பேக் அடுக்கு எப்படி வந்தது? இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மவுண்டன் வியூவின் நெட்ஸ்கேப்பில், 1995 மே மாதம் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். பட்டனை அழுத்தினால் ஏதாவது நடக்க வேண்டும். அதற்குக் கால்பேக் தாராளம். 2009இல் ரையன் டால் நோட்.ஜேஎஸ் மூலம் ஜாவாஸ்கிரிப்டை சர்வருக்குக் கொண்டுபோன பிறகுதான் அடுக்கு ஏறியது. நோடில் தொடக்கத்தில் பிராமிஸ் (விடை பிறகு வரும் என்ற வாக்குறுதி) இருந்தது. 2010 பிப்ரவரியில் அவரே நீக்கினார், 2018இல் பெர்லின் மேடையில் அதற்காக வருந்தினார். பிராமிஸோ 1988இலேயே பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் எழுதிய விஷயம். ஜாவாஸ்கிரிப்டுக்குள் அது வந்தது 2015இல், அதன் விடைக்குக் காத்திருக்கும் அவெயிட் 2017இல்.

திங்கள்

அந்த மதுரைப் பெண் எல்லாவற்றையும் அவெயிட்டுக்கு மாற்றிவிட்டாள். மேலிருந்து கீழே தடையில்லாமல் படிக்க முடிகிறது. ஆனால் இருப்பைக் குறைப்பதும் மின்னஞ்சலும் ஒன்றையொன்று எதிர்பார்க்காத வேலைகள். அவற்றையும் வரிசையில் நிறுத்தியிருந்தாள். பிராமிஸ்.ஆல் போட்டு இரண்டையும் சேர்த்தே கிளப்பச் சொன்னேன். அவெயிட்டில் தொடங்குகிற பிள்ளைகளே, போர்டில் எழுதிய அந்தப் பத்து வரியை ஒரு தடவை கையால் எழுதிப் பாருங்கள். நேர்காணலில் இன்றும் கேட்கிறார்கள்.