‘இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?’ - மாமல்லபுரத்தில் நிதானமாக ஒரு விடுமுறை

விடுமுறை என்றாலே இப்போது பலருக்கும் தாய்லாந்தும் பாலியும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. கடற்கரையில் காலை நீட்டி உட்கார வேண்டும், அந்த ஊர்ச் சாப்பாட்டை ருசிக்க வேண்டும், எந்த அவசரமும் இருக்கக் கூடாது. நியாயமான ஆசைதான். ஆனால், பாஸ்போர்ட்டும் பெரிய பட்ஜெட்டும் இல்லாத குடும்பத்துக்கும் அதே சுகம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள், செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கடற்கரை. ஒரே ஒரு நிபந்தனை, ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் இந்த ஊரை எப்படிப் பார்க்கிறார்கள்? 11 மணி வெயிலில் வேனை விட்டு இறங்குகிறார்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல ஒரு போட்டோ, ஒரு பிரியாணிப் பொட்டலம். மாலை 5 மணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஊரின் அருமையான நேரங்களான விடியற்காலையும் இரவும் அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. நல்ல மீன் கரைக்கு வருவதும் விடியற்காலையில்தான்.

விடிந்ததும் கரைக்குப் போங்கள்

கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மீனவர் குப்பம். ஒத்தவாடைத் தெருவில் தங்கினால் அங்கே நடந்தே போய்விடலாம். இங்கே பெரிய மீன்பிடித் துறைமுகம் கிடையாது. ஃபைபர் படகுகள் அலையைத் தாண்டி வந்து மணலிலேயே ஏறி நிற்கும். வலையை உதறி மீனைக் கழற்றுவதைப் பார்க்கவே குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் போதாது. நெத்திலி, சங்கரா, காரப்பொடி, கானாங்கெளுத்தி, நண்டு, இறால் என்று அன்றைக்குக் கடல் கொடுத்தது கரையில் கிடக்கும். பெண்கள் கூறு போட்டு விலை சொல்வார்கள்.

மீன் வாங்கத் தெரியாதவர்களுக்கு மூன்று அடையாளங்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை எழும்ப வேண்டும். வாங்கிய மீனைக் கூலி வாங்கிக்கொண்டு சமைத்துத் தருவார்களா என்று தங்குமிடத்தில் முன்பே கேட்டு வைப்பது நல்லது.

வஞ்சிரம் மட்டும்தான் மீனா?

ஓட்டலில் உட்கார்ந்ததும் பலர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை வஞ்சிரம். ருசியான மீன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லா நாளும் அது இந்தக் கரைக்கு வராது. கேட்பவர்களுக்காக வேறு ஊரிலிருந்து ஐஸில் வரும். காசு அதிகம், ருசி குறைவு.

குறிப்பாகக் கோடை விடுமுறையில் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பெரிய மீன்களின் வரத்து அப்போது குறைந்து, விலை ஏறும். ஆனால், கரையோரத்தில் மீன் பிடிக்கும் சிறிய படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. அதனால் அந்த நாட்களிலும் மாமல்லபுரத்தில் அன்றாடம் பிடித்த சின்ன மீன் கிடைக்கும்.

மெனு கார்டைப் பார்க்காமல், “இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். நெத்திலியாக இருந்தால் மொறுமொறுவென்று வறுவல். சங்கரா என்றால் மாங்காய் போட்ட குழம்பு. பால் சுறா கிடைத்தால் புட்டு. பல்லில்லாத தாத்தாவும் மூன்று வயதுப் பேத்தியும் முள் பயமில்லாமல் சாப்பிடலாம். ராத்திரி வைத்த குழம்பு மிச்சம் இருந்தால் காலை இட்லிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இதில் வயிறு மட்டும் சம்பந்தப்படவில்லை. சிறிய படகில் போகிறவர் மீனைத் தேர்ந்தெடுத்துப் பிடிக்க முடியாது. வலையில் விழுந்த எல்லாமே விலை போனால்தான் டீசல் காசு போகக் கையில் ஏதாவது நிற்கும். ஊரே வஞ்சிரம் கேட்டால், கரையில் கிடக்கும் காரப்பொடியை யார் வாங்குவது? வந்த மீனைச் சாப்பிடுகிற விருந்தாளிதான் இந்தக் குப்பத்துக்கு நல்ல விருந்தாளி.

மத்தியானம் ஓய்வு... மாலையில் கோட்டை

மத்தியானம் எங்கும் அலைய வேண்டாம். கோடை என்றால் நுங்கும் இளநீரும், தை மாதம் என்றால் வேகவைத்த பனங்கிழங்கும் சாலையோரத்தில் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் தெற்கே, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சதுரங்கப்பட்டினத்துக்குப் போகலாம். கடலைப் பார்த்தபடி டச்சுக்காரர்களின் பழைய கோட்டை நிற்கிறது. இந்தக் கரையின் துணிகளைக் கப்பலேற்றி, இந்தோனேசியத் தீவுகளில் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் மாற்றியவர்கள் அவர்கள். நம் பிரியாணி மணத்துக்கும் இந்தக் கோட்டைக்கும் அப்படி ஓர் உறவு.

அவர்களுக்கு முன்பே பல்லவர் காலத் தமிழ் வணிகர்கள் அக்கரைக்குப் போய்விட்டார்கள். தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே ஒரு குளம் வெட்டப்பட்டதையும் அது மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் இருந்ததையும் சொல்கிறது. குளத்தின் பெயர் அவனி நாரணம். தாய்லாந்து நமக்கு அப்படியொன்றும் புது ஊர் அல்ல!

திரும்பும் வழியில் கழுகு மலை

மறுநாள் செங்கல்பட்டு வழியாகத் திரும்பினால் நடுவே திருக்கழுக்குன்றம் வரும். 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் வேதகிரீஸ்வரர் கோயில். ஒரு காலத்தில் நண்பகலில் இரண்டு கழுகுகள் இந்த மலைக்கு வந்து, குருக்கள் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். பல வருடங்களாக அவை வருவதில்லை. நாடு முழுக்கவே அந்த இனக் கழுகுகள் குறைந்துவிட்டன. அந்தக் காட்சியைப் பார்த்த பாட்டியோ தாத்தாவோ உடன் வந்தால், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன்...

* நவம்பர் கடைசியில் கனமழையும் புயலும் வரக்கூடும். டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி வரை இதமான காலம்.
* கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் டிக்கெட் உண்டு. 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். கூட்டமும் வெயிலும் வருவதற்கு முன்பே காலையில் பார்த்துவிடுங்கள்.
* இங்கே அலையின் இழுப்பு அதிகம். காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலைச்சறுக்கு கற்க ஆசையா? 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்த கரை இது. மீனவக் குடும்பத்து இளைஞர்கள் பலர் இங்கே பயிற்சி தருகிறார்கள்.
* மீன் பொரித்துத் தரும் கடையில் விலையைக் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். தட்டையும் பாட்டிலையும் மணலில் போடாதீர்கள். அது படகு நிறுத்தும் இடம், வலை காயப்போடும் இடம்.