பற்றாசும் சுருதியும்

சிந்தசைசர் ஒன்றைக் கையால் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் நண்பர்கள் முதலில் கேட்பது மின்சுற்று வரைபடத்தைப் பற்றித்தான். உண்மையில் அதில் பெரிய மர்மம் எதுவுமில்லை. ராபர்ட் மோக் 1964இல் தம் முதல் மாதிரியைச் செய்து காட்டியதற்குப் பின் இக்கருவியின் அடிப்படைச் சுற்றுகள் எத்தனையோ கையேடுகளில் அச்சாகிவிட்டன. வரைபடம் கிடைத்துவிடுகிறது, பொருள்தான் கிடைப்பதில்லை. கிடைத்த பொருளைச் சேதமின்றிப் பலகையில் அமர்த்தும் நுனி வாய்ப்பது அதனினும் அரிது. எங்கள் மூவரின் நான்காண்டு உழைப்பில் பெரும்பகுதி இவ்விரண்டுக்குமே செலவாகியிருக்கிறது.

மூவரில் ஒருத்தி முறையாகக் கர்நாடக இசை பயின்றவள். அவள் விதித்த நிபந்தனை ஒன்றே: மாலை முழுவதும் சுருதி கலையாமல் நின்றால்தான் இந்தக் கருவியோடு பாடுவாள். கேட்பதற்கு எளிய நிபந்தனை. குளிர்சாதன வசதியற்ற சென்னை மாடியறையில் அது எளிதன்று.

காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். ஆசிலேட்டர் என வழங்கும் அலையியற்றிதான் ஒலியைப் பிறப்பிக்கிறது. மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் ஒலி ஒரு ஸ்தாயி உயர வேண்டும் என்பது மோக் வழிவந்த ஏற்பாடு. இந்த விகிதத்தை உண்டாக்கும் டிரான்சிஸ்டரின் இயல்பு வெப்பநிலையோடு கட்டுண்டது. ஒரு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 0.33 விழுக்காடு பிசகும். 1200 சென்ட் கொண்ட ஒரு ஸ்தாயியில் அது 4 சென்ட். காலையில் 28 டிகிரியாக இருக்கும் அறை பிற்பகலில் 36ஐத் தொடும்போது, ஆதார சுருதியிலிருந்து ஒரு ஸ்தாயி தள்ளிய சுரம் 32 சென்ட் விலகி நிற்கும். அதாவது அடுத்தடுத்த இரு சுரஸ்தானங்களின் இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தம்பூராவோடு வளர்ந்த காது இதை மன்னிக்காது.

இதற்கு மாற்று, வெப்பத்தோடு அதே அளவில் தானும் ஏறுகிற ஒரு மின்தடை. ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 3300 பங்கு உயர வேண்டும். அதைத் தேடித்தான் ரிச்சி தெருவுக்குப் போனோம். அண்ணா சாலையிலிருந்து திரும்பியதும் தொடங்கும் அந்த நெரிசலில், எதைக் கேட்டாலும் ஏதோ ஓர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் கேட்டதை மட்டும் கடைக்காரர் ஒருமுறைக்கு இருமுறை சொல்லச் சொன்னார்.

"சூடு ஏறினா மாறணும், அவ்ளோதானே சார்? இந்தாங்க" என்று தெர்மிஸ்டர் ஒன்றை வைத்தார். அது சூட்டில் மளமளவென்று இறங்குகிற வகை. எங்களுக்கு வேண்டியது கொஞ்சமாக, சீராக ஏறுவது என்றோம்.

"கொஞ்சமா மாறுற ரெசிஸ்டர யாரு சார் காசு குடுத்து வாங்குவா? மாறவே கூடாதுன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மின்னணுத் தொழில் முழுதும் மாறாமைக்காகவே உழைக்கிறது. கடைசியில் கொதிகலன்களுக்கு அளவுமானி விற்கும் வேறொரு கடையில், 0 டிகிரியில் சரியாக 1000 ஓம் காட்டும் பிளாட்டின உணரி கிடைத்தது. அதன் ஏற்றம் எங்கள் தேவையைவிடச் சிறிது கூடுதல். தொடராக ஒரு சிறு மின்தடையைச் சேர்த்துத் தணித்துக்கொண்டோம். இசைக்கருவிக்கான பொருளைக் கொதிகலன் கடையில் கண்டெடுப்பது இந்தக் கைத்தொழிலில் இயல்புதான்.

சில்லுகளின் கதை வேறு. கர்ட்டிஸ் நிறுவனத்தின் 3340 என்ற சில்லு எண்பதுகளின் பல புகழ்பெற்ற கருவிகளில் அலையியற்றியாக இருந்து, பிறகு உற்பத்தி நின்று, 2016இல் மீண்டும் வெளிவந்தது. இடைக்காலத்தில் பழைய கருவிகளைப் பிரித்து எடுத்தவற்றுக்கே சந்தை இருந்தது. அரிதான எதற்கும் போலி உண்டு. வேறு சில்லின் முதுகைத் தேய்த்து, கறுப்புப் பூசி, புதுப்பெயர் அச்சிட்டு அனுப்புகிறார்கள். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பல போலிகளின் கறுப்பு கையோடு வந்துவிடும். தபாலில் வரும் எதையும் இப்போது துடைத்துப் பார்த்த பிறகே நம்புகிறோம்.

இனி இரும்பு. எங்களுக்குப் பற்றவைக்கக் கற்றுத்தந்தவர் வானொலிப் பெட்டி பழுது பார்த்து ஓய்ந்த பெரியவர். பற்றாசு என்ற நல்ல தமிழ்ச்சொல்லை அவர் பயன்படுத்துவதில்லை. அவருக்கு அது லெட். வெள்ளீயம் 63, காரீயம் 37 கலந்த கம்பி 183 டிகிரியில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையும். காரீயமற்ற புதுக் கம்பிக்கு 217 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். நுனியையும் விரைவில் அரிக்கும். பெரியவர் நவச்சாரக் கட்டி ஒன்று வைத்திருப்பார். சூடான செப்பு நுனியை அதில் தேய்த்தால் வெண்புகை எழும், செம்பு பளிச்சிடும், உடனே ஈயம் ஏற்றிவிடுவார். பித்தளைப் பாத்திரங்களுக்குத் தெருவில் ஈயம் பூசியவர்களின் அதே புகை, அதே வேதியியல். சுற்றுப்பலகையின் பக்கம் மட்டும் அதை அண்டவிடமாட்டார். அதன் மிச்சம் செம்பைத் தின்றுவிடும்.

"குழி விழுந்தா அரம் போட்டுரணும் தம்பி" என்பது அவர் விதி. வெறுஞ்செம்பு நுனி ஈயத்தில் சிறிது சிறிதாகக் கரைந்து குழிவது. அதற்கு அரம் சரியான வைத்தியம். இன்றைய நுனிகளில் செம்பின்மேல் இரும்பு முலாம் இருக்கிறது. அரம் பட்டு முலாம் திறந்தால் உள்ளிருக்கும் செம்பு சில நாட்களில் கரைந்துபோகும். ஆகவே அவருடைய இரும்புக்கு அவர் விதி, எங்களுடையதற்குப் பித்தளைச் சுருள். ஒன்றில் மட்டும் இரு தலைமுறைக்கும் வேறுபாடில்லை: நுனியை வெறுமையாக அணைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் தடிமனாக ஈயம் பூசி, அந்தப் போர்வையோடு ஆறவிட வேண்டும். மறுநாள் துடைத்தால் உள்ளே வெள்ளி போல் இருக்கும்.

இத்தனை கவனம் எதற்கென்றால், அலையியற்றியின் இதயத்தில் பாலிஸ்டைரின் மின்தேக்கி ஒன்று அமர்கிறது. வெப்பத்தில் மிகச் சிறிதே மாறுவதால் அதை விரும்புகிறோம். ஆனால் 85 டிகிரிக்கு மேல் அதன் உடலே இளகத் தொடங்கும். நல்ல நுனி இரண்டு விநாடியில் இணைப்பை முடிக்கும். கறுத்த நுனி சூட்டைக் கடத்தாது. எட்டு, பத்து விநாடி அழுத்த நேரும். அதற்குள் வெப்பம் கம்பி வழியே ஏறி மின்தேக்கியைத் திரித்துவிடும். காலுக்கு முதலைக் கவ்வி மாட்டிச் சூட்டை வழியில் தடுக்கலாம். கறுத்த நுனிக்கு அதுவும் ஈடாகாது. அத்தகைய மின்தேக்கிகள் இன்று கடைகளில் மிக அருகிவிட்டன.

சென்ற சித்திரையில் இரண்டு அலையியற்றிகளை இணைத்து, உச்சிவெயிலில் சன்னலைத் திறந்துவைத்துப் பாடச் சொன்னோம். முக்கால் மணி நேரம் பாடினாள். பிறகு, "பஞ்சமத்துக்கு மூணாவது எப்போ?" என்று கேட்டாள்.

அதற்கான பாலிஸ்டைரின் மின்தேக்கி எங்களிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. கைவசமுள்ள நுனியின் முலாம் ஓரத்தில் விட்டுவிட்டது. புது நுனி வரும்வரை பெட்டியைத் திறப்பதில்லை.