காலியாகக் கிடந்த ஸ்லாட்

முப்பதாயிரம் ரூபாய்க்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் சேர்த்துவிட வேண்டும். 2018 கடைசியில் எனக்கு இருந்த ஒரே லட்சியம் அதுதான். அந்தப் பணத்தில் தனி கிராபிக்ஸ் கார்டுக்கு இடமில்லை. நல்ல வேளையாக அந்த வருடம் பிப்ரவரியில் ஏஎம்டி, ரைசன் 3 2200ஜி என்ற பிராசஸரை இறக்கியிருந்தது. நான்கு கோர், உள்ளேயே வேகா 8 கிராபிக்ஸ். யூடியூபில் கண்ணில் பட்ட வீடியோ எல்லாம் பார்த்து, எக்செல்லில் பட்டியல் போட்டு, பிரிண்டும் எடுத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினேன்.

அங்கே போகிறவனுக்கு, "பாத்து, தலையில கட்டிடுவாங்க" என்று சொல்லி அனுப்ப யாராவது ஒருவர் இருப்பார். எனக்கு நான்கைந்து பேர் இருந்தார்கள். அதனால் பட்டியலில் ஒரு வரியைக்கூட மாற்ற விடுவதில்லை என்ற முடிவோடுதான் கடைப்படி ஏறினேன்.

கடைக்காரர் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டே வந்து ரேமில் நின்றார். "சார், இந்த பிராசஸருக்கு எட்டு ஜிபி ஒண்ணா வேணாம். நாலு நாலா ரெண்டு போட்டுக்கங்க."

"எவ்வளவு ஆகும்?"

"எழுநூறு ரூவா கூட வரும்."

எழுநூறு என்றதுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் அவருக்குப் பாடம் நடத்தினேன். போர்டில் இருப்பதே இரண்டு ஸ்லாட். இரண்டையும் நாலு நாலாக அடைத்துவிட்டால், நாளைக்குப் பதினாறு வேண்டுமென்றால் இரண்டையும் கழற்றிப் போட வேண்டும். இப்போது எட்டு ஒன்று போட்டால் பிறகு இன்னொரு எட்டு வாங்கினால் முடிந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு கையால அள்றதுக்கும் ரெண்டு கையால அள்றதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல சார்" என்றார். நான் சிரித்தேன். அவர் ஒரே ஒரு ஸ்டிக்கை எடுத்து பில்லில் ஏற்றினார். மிச்சப்படுத்திய எழுநூறுக்கு மேலே இன்னும் கொஞ்சம் போட்டு, பக்கவாட்டில் கண்ணாடியும் கலர் லைட் ஃபேனும் வைத்த கேபினெட் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் வைத்தால் பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஜிடிஏ 5 போட்டேன். ஊருக்கு வெளியே வண்டி ஓட்டும்வரை பிரச்சினையில்லை. ஊருக்குள் நுழைந்தால் படம் தத்தித் தத்தி வரும். நிழலை எடுத்தேன், புல்லைக் குறைத்தேன், 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறங்கினேன். அப்போதும் முப்பது ஃபிரேமைத் தொடவே மூச்சு வாங்கியது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்ப்பேன். எட்டில் இரண்டு ஜிபியை கிராபிக்ஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ள, 5.9 மிச்சம். அதிலும் கொஞ்சம் காலியாகவே இருக்கும். மெமரி போதும் என்று முடிவு கட்டி மூடிவிடுவேன். 2019-இல் ரேம் விலை நன்றாக இறங்கியது. நாளைக்கு என்று தள்ளிப்போட்ட அந்த இன்னொரு எட்டை அப்போதாவது வாங்கியிருக்கலாம். போதுமென்று தீர்ப்பு எழுதிய பிறகு யார் வாங்குவார்கள்?

பழி பிராசஸர் மேல் விழுந்தது. ஆபீஸில் கேட்டவர்களிடமெல்லாம், "அதை மட்டும் வாங்கிடாதீங்க" என்றேன். என் பேச்சை நம்பி ஒரு நண்பர் கடன் தவணையில் விலை கூடிய பிராசஸரும் தனி கார்டும் வாங்கினார்.

2021-இல் எனக்கும் பொறுமை போய்விட்டது. கார்டு வாங்க அதைவிட மோசமான வருடம் கிடையாது. உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு; கிடைக்கிற கார்டையெல்லாம் கிரிப்டோ மைனிங்காரர்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2016-இல் 139 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யை, ஐந்து வருடம் கழித்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் சொன்னது சரிதான், குறை பிராசஸரில்தான் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பிறகு புதிதாக ஒன்று சேர்த்தபோது, கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு பழையதை மதுரையில் அண்ணன் மகனுக்குக் கொடுத்தேன். "படிக்கிறதுக்கு ஆகும், கேமுக்கு ஆகாது" என்று எச்சரித்துத்தான் கொடுத்தேன்.

பொங்கலுக்குப் போனால் அவன் அதில் அதே ஜிடிஏ 5 ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஊருக்குள். சிக்னலில் நிற்காமல் வளைந்து போகிறான். படம் எங்கும் தத்தவில்லை. கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தேன். கார்டு எதுவும் இல்லை.

"என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல சித்தப்பா. குரோம்ல நாலு டேப் தொறந்தா இழுத்துச்சு. அப்பாட்ட சொல்லி இன்னொரு எட்டு ஜிபி போட்டேன்."

டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். எனக்கு மனப்பாடமான பக்கம். வலது கீழ் மூலையில், வேகம் எழுதியிருக்கும் வரிக்கு அடியில், சின்ன எழுத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 2 ஆஃப் 2' என்றிருந்தது. என்னிடம் இருந்த காலமெல்லாம் அதே இடத்தில் '1 ஆஃப் 2' என்று இருந்திருக்க வேண்டும். சந்தேகம் தீர மெஷினை அணைத்து, ஸ்லாட்டின் கொண்டியை விரலால் தள்ளி, புது ஸ்டிக்கை நானே உருவினேன். மறுபடி ஓட்டச் சொன்னேன். முதல் திருப்பத்திலேயே பழைய தத்தல் வந்தது. "பாத்தீங்களா" என்றான் பையன், ஏதோ நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்ற நினைப்பில்.

2200ஜி-யின் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. படத்துக்கு வேண்டியதையெல்லாம் ரேமிலிருந்தே இழுக்க வேண்டும். நான் போட்ட 2400 வேக டிடிஆர்4 ஸ்டிக் ஒன்று, நொடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிகாபைட் தரும். அதையும் பிராசஸரோடு பங்கு போட வேண்டும். இரண்டு ஸ்டிக் என்றால் 38.4. பதினேழாயிரத்துச் சொச்சம் கொடுத்து நான் வாங்கிய கார்டுக்கு அதன் சொந்த மெமரியிலேயே 112. நான் எவ்வளவு காலி இருக்கிறது என்று மட்டும் பார்த்தேனே தவிர, எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது என்று பார்க்கவில்லை. கடைக்காரரிடமும் "எவ்வளவு ஆகும்" என்று கேட்டேனே தவிர, "ஏன்" என்று கேட்கவில்லை.

சென்னைக்கு வந்ததும், என் பேச்சைக் கேட்டுத் தவணையில் மாட்டிக்கொண்ட அந்த நண்பருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "விடுங்க சார், தவணைதான் எப்பவோ முடிஞ்சுபோச்சே. என்னோடதுலயும் ஒரு ஸ்டிக்தான் இருக்கு, நல்லாத்தான் ஓடுது" என்றார். தனி கார்டு இருப்பதால் ஓரளவு சமாளிக்கும், இருந்தாலும் இன்னொன்று போடுவது நல்லது என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இதை நீங்க சொல்றதுனால, வேற யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?" என்றார்.

கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.