பட்டியலில் இல்லாத பெயர்

1983 கலவரத்தில் தோட்டத்தைவிட்டு வன்னிக்குப் போய், போருக்குப் பின் பூண்டுலோயாவுக்கே திரும்பிய அம்மா ஒருவர் என்னிடம் வந்தார்.

"எம் பேரு லிஸ்டுல இல்லையாமே தங்கச்சி?"

அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் தேடினேன். இல்லை என்றது. வரிவரியாகப் பார்த்தேன், இருந்தார். இலக்கத்தின் முடிவில் நான் தவறுதலாகத் தட்டிய ஓர் இடைவெளிதான் காரணம். நம் கண்ணுக்கு அது வெறுமை; கணினிக்கு அதுவும் ஓர் எழுத்து.

அப்போதுதான் நான் பைத்தன் மொழி பழகத் தொடங்கியிருந்தேன். சமூகவியல் படித்தவளுக்கு எல்லாமே புதிது. 'ஸ்ட்ரிப்' என்ற கட்டளை இரு முனைகளிலும் உள்ள இடைவெளியை நீக்கும். கொடுத்துப் பார்த்தேன், பட்டியல் மாறவில்லை. அது பழையதைத் திருத்தாது, திருத்திய பிரதியொன்றைத் தரும். அதை நாமே எடுத்துவைக்க வேண்டும் என்பது பிறகே விளங்கியது. 'ரிப்ளேஸ்' கொண்டு எல்லா இடைவெளிகளையும் நீக்கினேன். இலக்கங்கள் சரியாயின, பெயர்களோ தகப்பன் பெயரோடு ஒட்டிக்கொண்டன. ஆகவே பெயர்களுக்கு முனைகளை மட்டும் துடைத்தேன்.

மறுநாள் லயத்துக்குப் போய், பிழை என்னுடையது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

சகோதரிகளே, "உங்கள் பெயர் இல்லை" என்றால் உடனே திரும்பிவிடாதீர்கள். இலக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் போட்டு இன்னொரு முறை தேடச் சொல்லுங்கள்.