அந்தப் பையனுக்கு ஒரு மன்னிப்பு

  

நேற்று 2004 பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்த வருடத்து குரூப் போட்டோவைப் போட்டிருந்தார்கள். "கொஞ்சம் சிரிங்கப்பா" என்று போட்டோக்காரர் கெஞ்சியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. நாலைந்து பெண்பிள்ளைகள் கையால் வாயை மூடியிருக்கிறார்கள். எல்லாம் பல் கறையால் வந்த கூச்சம்.

தர்மபுரிக்காரர்களுக்கு இது தெரிந்த கதை. உறவினர்களுக்காகச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த பென்னாகரம் பக்கத்தில் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால், பல் ஈறுக்குள் உருவாகும்போதே எனாமல் கெட்டுவிடும். வெளியே வந்தபின் பழுப்புக் கறையாகத் தெரியும். எத்தனை தேய்த்தாலும் போகாது. வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பிலும் சேர்ந்து மூட்டும் முதுகும் இறுகிவிடும். காய்ச்சினாலும் பயனில்லை, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

இதெல்லாம் 1987இல் வேலையில் சேர்ந்தபோது எனக்குத் தெரியாது. தஞ்சாவூர்ப் பக்கம் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். தண்ணீரால் பல் கெடும் என்று கேள்விப்பட்டதுகூட இல்லை.

திங்கட்கிழமை பிரேயரில் நகம், தலைமுடி, பல் பார்ப்பேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை முன்னால் கூப்பிட்டு, "என்னடா, இந்த வயசுலயே வெத்தலை போடுறியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அடிபம்புக்குப் போய்ப் பல் தேய்த்துவிட்டு வரச் சொன்னேன். அந்தப் பம்பிலும் வந்தது அதே தண்ணீர்தான். மறுநாள் ஈறெல்லாம் கிழிந்து வந்து நின்றான். செங்கல் பொடி போட்டுத் தேய்த்திருக்கிறான். அப்போதும் நான் சொன்னது, "இன்னும் நல்லாத் தேய்" என்றுதான்.

சில வருடம் கழித்துப் பள்ளிக்குப் பல் மருத்துவ முகாம் வந்தது. "இது அழுக்கு இல்ல சார், தண்ணி" என்றார் டாக்டர். அதற்குள் அந்தப் பையன் எட்டாவதோடு நின்றுவிட்டான்.

காரணம் தெரிந்த பிறகு மட்டும் என்ன செய்துவிட்டோம்? நான் பிரேயரில் பல் பார்ப்பதை நிறுத்தினேன், அவ்வளவுதான். குடிக்க வேறு தண்ணீர் இல்லை. அதனால்தான் 2004 போட்டோவிலும் வாய்கள் மூடியிருக்கின்றன. இத்தனைக்கும் காவிரி எங்கள் வட்டத்திலேயே ஒகேனக்கல்லில் அருவியாக விழுந்து, என் சொந்த ஊர் நெல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது.

2013இல்தான் ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. எங்கள் தெருக் குழாயில் காவிரி வந்த அன்று பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, "சப்புனு இருக்கு சார்" என்றார். அவர் முதுகு நிமிரவில்லை, அது இனி நிமிராது. குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் மறுபடி போர் தண்ணீர்தான் என்ற குறையும் இருக்கிறது.

நேற்று அந்தப் போட்டோவுக்குக் கீழே ஒரு மாணவி தன் மகள் படத்தைப் போட்டிருந்தாள். நான்காம் வகுப்பு. எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்கிற பிள்ளை. கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறது. எல்லாம் வெள்ளை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர் தண்ணீர் குடிக்கும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

அந்த ஆறாம் வகுப்புப் பையனின் பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. தம்பி, இது உன் கண்ணில் பட்டால் உனக்கே தெரியும். தப்பு என்னுடையது. உன் நம்பர் என்னிடம் இல்லை. ஒரு போன் பண்ணு, திட்டுவதற்காகவாவது.