சிவப்பு மை

எங்கள் குடியிருப்புச் சங்கக் கணக்கில் ஆண்டு முடிவில் 1,200 ரூபாய் உதைத்தது. ஜூலை வரை கணக்குப் பார்த்த நண்பர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவரைக் கேட்கும் முன் எக்செலில் எஃப்5 அழுத்தி, ஸ்பெஷல், ஃபார்முலாஸ் என்று தேர்ந்தெடுத்தேன். சூத்திரம் உள்ள கட்டங்கள் மட்டும் தேர்வாயின. மஞ்சள் பூசினேன். 12 மாதக் கூட்டுத்தொகையில் ஆகஸ்ட் மட்டும் வெள்ளையாக நின்றது. சூத்திரத்தின் மேல் வெறும் எண்ணை அடித்தது நான்தான்! பிறகு சேர்த்த ரசீது கூட்டலில் ஏறவேயில்லை.

அலுவலகப் பேரேட்டில் கூட்டுத்தொகையைச் சிவப்பு மையில் எழுதுவோம். இப்போது கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில், 2013 பதிப்பில் வந்த இஸ்ஃபார்முலாவைப் போட்டு வைத்திருக்கிறேன். சூத்திரம் அழிந்தால் நிறமும் போய்விடும்.

மறுநாள் நண்பருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை.